குணநாயகம் அண்ணனுக்கு ஒரு வாளி பீர்

ஜூன் 7, சனி

பீர்ப் பெட்டி திரும்பி வந்துவிட்டது.

காலையில் நானே அதைச் சுமந்துகொண்டு போய்ப் பக்கத்து வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். மதியத்துக்குள் குணநாயகம் அண்ணன் அதே பெட்டியோடு எங்கள் வாசலில் நின்றார். எழுபது வயது. முதுகு வலி வேறு.

"இதென்ன தம்பி, கூலி தாறீரே?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. கூலி இல்லை அண்ணே, நன்றிக்கு என்று ஏதோ உளறினேன். "சும்மா நிண்ட கார், சும்மா இருந்த மனுசன். ரெண்டும் கொஞ்சம் ஓடிச்சுது. அதுக்கு ஏன் பெட்டி?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்சமா ஓடியது? என் மனைவி பகவதிக்கு மார்பில் புற்று என்று தெரிந்ததும் இருந்த விடுப்பையெல்லாம் கீமோவுக்கே கரைத்துவிட்டேன். கதிர்வீச்சு தொடங்கும்போது கையில் ஒரு நாள்கூட இல்லை. பால் தொழிற்சாலையில் எனக்கு விடியற்கால ஷிப்ட். ஆறு வாரம், சனி ஞாயிறு தவிர எல்லாக் காலையிலும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காத்திருந்து கூட்டி வந்தது யாழ்ப்பாணத்துக்காரரான இந்த மனிதர். மெல்பர்னுக்கு வந்த நாள் முதல் டாக்ஸி ஓட்டி ஓய்வு பெற்றவர். நாங்கள் நாகர்கோவில். உறவும் கிடையாது, ஊரும் கிடையாது. நடுவில் ஒரு வேலி மட்டும்.

போன வாரத்தோடு கதிர்வீச்சு முடிந்தது. அடுத்த மாதம் ஸ்கேன். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

அண்ணன் வீட்டை விற்றுவிட்டார். ஜூலைக் கடைசியில் பிரிஸ்பேனில் இருக்கும் மகளிடம் போகிறார். அதற்குள் அவருக்கு ஏதாவது செய்தாக வேண்டும். செய்யாமல் அனுப்பினால் என்னால் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

ஜூன் 8, ஞாயிறு

யோசனை பகவதியுடையது. அதையும் எழுதி வைக்கிறேன், பின்னால் என் தலையில் கட்டுவாள்.

"வாங்கிக் குடுத்தா திருப்பிக் குடுக்காரு. நாம செஞ்சு குடுத்த இட்லிய என்னைக்காவது திருப்பிக் குடுத்திருக்காரா?"

"அதுக்கு?"

"பீரையும் செஞ்சு குடுங்க. வந்த புதுசுல ஒரு வீட்டுல தங்கியிருந்தாராம், அங்க குளிமுறியில வச்சு அவங்களே பீர் செய்வாங்களாம். அந்த ருசி கடையில இல்லன்னு கார்ல வரும்போது எங்கிட்ட சொன்னாரு."

"எனக்கு பீருன்னா என்னன்னே தெரியாதே பகவதி."

"மாவு புளிக்க வைக்கிற வீடுதான இது? இதுவும் ஒரு புளிப்புதான்."

ஐம்பத்துநான்கு வயது வரை ஒரு சொட்டு குடித்ததில்லை. அதோடு, பால் புளித்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். என்னைப் போய்ப் புளிக்க வைக்கச் சொல்கிறாள்.

ஜூன் 14, சனி

இந்த நாட்டில் வீட்டிலேயே பீர் செய்வது குற்றமில்லை. அதற்கென்றே கடை இருக்கிறது. உள்ளே போகும்போது தெரிந்தவர் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தேன். பழக்கதோஷம்.

கடைக்காரருக்கு வயிறு வரை தாடி. முதல் தடவையா என்று கேட்டு, தொடக்கக்காரர்களுக்கான சாமான்களை எடுத்து வைத்தார். மூடியும் குழாயும் உள்ள பெரிய பிளாஸ்டிக் வாளி. காற்று வெளியே போகும், உள்ளே வராது என்கிற மாதிரி மூடியில் செருகும் சின்னக் குமிழ். ஒரு டின் மால்ட் பாகு, சர்க்கரை, ஈஸ்ட் பொட்டலம், அடர்த்தி பார்க்கும் கண்ணாடி மிதவை. மிதவையைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற மானிக்கு ஒன்றுவிட்ட தம்பி அது.

பீர் கெட்டுப்போனால் எப்போதும் அழுக்குதான் காரணம், வாளிக்குள் போகிற எதையும் கிருமிநாசினியில் முக்காமல் விடாதே என்றார் தாடிக்காரர். இதை என்னிடமா சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

பீர் போட்டாயிற்று.

சமையலறையில் தொழிற்சாலைச் சட்டம். தலையில் வலைத்தொப்பி போட்டுக்கொண்டேன். பகவதிக்கும் ஒன்று கொடுத்தேன். "முடியே இப்பதான் குருவிக்குஞ்சு மாதிரி முளைக்கி, இதுக்கு ஒரு தொப்பியா?" என்றாள். ஆனாலும் போட்டுக்கொண்டாள். வாளி, மூடி, கரண்டி, குழாய் எல்லாவற்றையும் கிருமிநாசினியில் ஊறவைத்தேன்.

மீதி வேலை ரசம் வைப்பதைவிடச் சுலபம். டின்னை வெந்நீரில் நிற்கவைத்தால் பாகு இளகுகிறது. வாளியில் ஊற்றினால் கருப்பட்டிப் பாகு போலக் கறுப்பாக இறங்குகிறது. சர்க்கரையைப் போட்டு, கொதிநீர் விட்டுக் கரைத்து, பிறகு வாளி நிறையப் பச்சைத் தண்ணீர். சூடு இறங்கி வெதுவெதுப்பாக வந்ததும் ஈஸ்ட்டைத் தூவ வேண்டும். கொதிக்கக் கொதிக்கத் தூவினால் செத்துப்போகும். ஈஸ்ட் உயிருள்ள சாமான்.

இறங்கட்டும் என்று பகவதியைக் காவலுக்கு வைத்துவிட்டு ஈஸ்ட் பொட்டலத்தைத் தேடினேன். பத்திரமாக இருக்கட்டும் என்று எங்கேயோ வைத்துவிட்டு, அந்த எங்கேயோவை மறந்துவிட்டேன். கடைசியில் என் கோட்டுப் பையில் கிடைத்தது. திரும்பி வந்தபோது அவள் ஜன்னல் பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். சட்டைக் கை நனைந்திருந்தது. பாத்திரம் கழுவினாளாம்.

தூவினேன். மூடினேன். குமிழைச் செருகினேன். சாமி கும்பிட்டேன் என்றால் சிரிப்பார்கள், ஆனால் கும்பிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

குமிழில் ஒரு சலனமும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

குளிர்தான் காரணம். மெல்பர்ன் ஜூன் மாதத்தில் மாவே பொங்காது. மாவுப் பாத்திரத்தை ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைப்போம். இந்த வாளி அதில் நுழையாது. பகவதி தன் மின்சாரப் போர்வையைக் கொண்டுவந்து சுற்றினாள். "உனக்குக் குளிருமே" என்றேன். "எனக்கு நீங்க இருக்கீங்க, அதுக்கு யாரு இருக்கா" என்றாள்.

சாயந்திரம் ஒரு முறை குளுக் என்றது. இருவரும் வாளி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து அடுத்த குளுக்குக்காகக் காத்திருந்தோம். கல்யாணமான புதிதில்கூட இப்படி ஒன்றும் பேசாமல் சந்தோஷமாக உட்கார்ந்ததில்லை.

ஜூன் 21, சனி

மானம் போயிற்று.

பீரை அடைக்கக் கண்ணாடிப் பாட்டில் வேண்டும். குடிக்காத வீட்டில் காலிப் பாட்டில் ஏது? வேலையிடத்தில் கேட்டால் கதை கட்டுவார்கள். குணநாயகம் அண்ணன் மறுசுழற்சித் தொட்டியைத் தெருவில் வைத்திருந்தார். உள்ளே பளபளவென்று நல்ல பாட்டில்கள். அவர் நடக்கப் போயிருப்பார் என்று நினைத்துத் தொட்டிக்குள் தலையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தம்பி தேடுறீர்?"

"ஒண்ணுமில்லண்ணே. பகவதி செடி வைக்க பாட்டில் கேட்டா."

"பியர் போத்தலிலயே?"

"சின்னச் செடி."

அவர் சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நித்திரை கொள்ளுறீரே ஒழுங்கா?" என்று கேட்டார். கொள்கிறேன் என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

சாப்பிடும்போது பகவதி, "ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது" என்றாள். இப்படி ஆரம்பித்து அவள் சொன்ன எதற்கும் நான் கோபப்படாமல் இருந்ததில்லை.

"அன்னைக்கு நீங்க ஈஸ்ட்ட தேடிட்டு இருந்தீங்கல்லா. அப்ப வாளிக்குள்ள கைய விட்டுக் கலக்கிட்டேன்."

"கரண்டி இருந்துதே."

"கரண்டியால கலக்குனா எந்த மாவு பொங்கியிருக்கு? கை பட்டாத்தான புளிக்கும். பழக்கத்துல விட்டுட்டேன். முட்டு வரைக்கும்."

மாவுக்குக் கை வேண்டும், சரி. கையில் இருக்கிற கிருமிதான் அதைப் புளிக்க வைக்கிறது. அதே கிருமி பீரில் இறங்கினால் ஈஸ்ட்டுக்குப் போட்டியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் புளிப்பாக்கிவிடும். உலகத்தில் பீர் போடுகிற யாரும் செய்யாத காரியம் இது. எங்கள் ஊர்ப் பெண்பிள்ளை ஒருத்திக்குத்தான் தோன்றும். நான் வலைத்தொப்பியில் ஆரம்பித்து கிருமிநாசினி வரை வந்து, என் தொழில் அனுபவத்தையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"சூடு தெரிஞ்சுதுங்க" என்றாள்.

"என்ன சூடு?"

"அந்தத் தண்ணிக்க சூடு. இளஞ்சூடு. மொதல்ல சுண்டு விரல் நுனியில. பெறவு எல்லா விரல்லயும். அதான் எடுக்க மனசு வரல. கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருந்தேன்."

கீமோ மூன்றாவது தடவைக்குப் பிறகு அவள் விரல்கள் மரத்துப்போயிருந்தன. பொத்தான் போட வராது. தோசைக்கல்லைத் தொட்டுக் கொப்புளம் வந்த பிறகுதான் சூடு என்று தெரியும். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார்.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"மறுநாள் போயிருமோன்னு பயம். தினமும் குழாயில வெந்நி பிடிச்சு வச்சுப் பாக்கேன். இருக்கு. போகல."

கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். என் கை சில்லென்று இருப்பதாகச் சொன்னாள். அவள் அப்படிச் சொல்லி எவ்வளவு காலமாயிற்று. சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன், அதை மறைக்க ஒன்றுமில்லை.

ஜூன் 25, புதன்

வாளியைக் கொட்டவில்லை. புதிதாக ஆரம்பிக்க நாள் போதாது. வேறு காரணம் எதுவும் இல்லை.

ஜூன் 28, சனி

மிதவை நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதாவது நொதித்து முடிந்துவிட்டது. மூடியைத் திறந்தால் மேலே மெல்லிய வெள்ளை ஆடை. மோர் வாசனையா, பீர் வாசனையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. குடித்துப் பழகியிருந்தால் தெரிந்திருக்கும். இத்தனை வருஷம் ஒழுக்கமாக இருந்ததற்கு முதல் முறையாக வருத்தப்பட்டேன்.

பாட்டிலில் அடைத்தோம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சர்க்கரை போட வேண்டும், அதுதான் நுரைக்கு. பகவதி கரண்டி வேண்டாம் என்று விரலால் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். கைக்குப் பயிற்சியாம். அளவு கூடிவிடப்போகிறது என்றேன். கேட்டால்தானே.

ஜூலை 9, புதன்

ஸ்கேன். கூட்டிப்போகட்டுமா என்று அண்ணன் வேலிக்கு மேல் கேட்டார். நான் விடுப்பு எடுத்திருக்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டில்களையெல்லாம் இறக்கித் துடைத்து மறுபடி அடுக்கினேன். அவற்றில் தூசி இல்லை.

ஜூலை 12, சனி

வெடித்துவிட்டது.

சாயந்திரம் சலவை அறையில் டமார் என்று ஒரு சத்தம். பின்னாலேயே இன்னொன்று. கூடிப்போன சர்க்கரையும் பகவதியின் கைக்கிருமியும் சேர்ந்து பார்த்த வேலை. பகவதி அடுக்களையிலேயே நிற்க, நான் உள்ளே ஓடினேன். தரையெல்லாம் நுரை, கண்ணாடிச் சில்லு, சுவரில் பழுப்புத் தாரை. சட்டை நனைய மீதிப் பாட்டில்களின் மூடியை மெதுவாக நெம்பிக் காற்றை வெளியே விட்டுக்கொண்டிருந்தேன்.

குணநாயகம் அண்ணன் பின் கதவு வழியாக ஓடி வந்தார். "என்ன, காஸ் வெடிச்சதே?" என்று கேட்டவர் அப்படியே நின்றுவிட்டார். வாசனை. பாட்டில் வரிசை. நடுவில் தெப்பலாக நனைந்த நான்.

"தம்பி," என்றார். மெதுவாக வந்து என் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக் கீழே வைத்தார். தோளைப் பிடித்துச் சலவைக் கூடையின் மேல் உட்காரவைத்தார். "எப்ப இருந்து?"

"என்னது எப்ப இருந்து?"

"ஒளிக்காதையும். அண்டைக்குத் தொட்டிக்குள்ள போத்தல் தேடேக்கையே எனக்கு விளங்கினது. அடியில மிச்சம் கிடக்கிறதைத் தேடுறீர் எண்டு. பயம் இருக்கும், தம்பி. ரிசல்ட் வரும் வரைக்கும் ஒவ்வொரு நாளும் பயம்தான். அதுக்குக் குடிக்கிறதே மருந்து? அவவுக்கு உம்மை விட்டா இஞ்ச ஆர் இருக்கினம்?"

இல்லை அண்ணே, நான் குடிக்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பயமில்லை என்றுதான் வாயில் வந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. இத்தனை மாதத்தில் நான் பயப்படுகிறேனா என்று யாரும் கேட்டதில்லை. நான் யாரையும் கேட்கவிட்டதும் இல்லை. அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். அந்த நாற்றத்தில், அந்தச் சில்லுகளுக்கு நடுவில்.

பகவதி வாசலில் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, அது உங்களுக்குத்தான். உங்களுக்குன்னு போட்ட பீரு" என்றாள்.

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எனக்கே? நீரே செய்தனீர்? இந்த வலைத்தொப்பியையும் போட்டுக்கொண்டே?" அவசரத்தில் அது எப்போது என் தலைக்கு ஏறியது என்று எனக்கே தெரியவில்லை.

இப்போதே ஒன்று திறக்கட்டுமா என்றேன். தலையை ஆட்டினார். "ரிசல்ட் வரட்டும். நல்லதெண்டாலும் குடிப்பம். இல்லையெண்டாலும் குடிப்பம். மூண்டு பேருமாய் இருந்து குடிப்பம்." பிறகு விளக்குமாறு எங்கே என்று கேட்டார்.

ஜூலை 16, புதன்

ஒன்றுமில்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லை. சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்களாம். பார்க்கட்டும். கடவுளே, நன்றி. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

சாயந்திரம் அண்ணன் வந்தார். கண்ணாடித் தம்ளரில் ஊற்றினேன். நுரை விளம்பரத்தில் வருவது போலவே எழுந்தது. நிறமும் நல்ல நிறம். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு மேலே பார்த்தார். நாங்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"புளிக்குது, தம்பி."

"கொஞ்சமா?"

"கொஞ்சமில்லை. நல்லாப் புளிக்குது."

பகவதி கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி. "நான்தாண்ணே." எல்லாவற்றையும் சொன்னாள். வாளி, கை, இளஞ்சூடு, சுண்டு விரல். அவர் தம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் மீதியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் விடும்" என்று தம்ளரை நீட்டினார்.

"வேண்டாம்ணே. நல்லால்லாததை எதுக்குக் குடிக்கணும்?"

"நல்லாயில்லையெண்டு ஆர் சொன்னது? புளிக்குது எண்டுதான் சொன்னனான்."

நான் குடிக்கவில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், அது கணக்கில் வராது. கண் சுருங்கியது. இதை மனிதர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பது ஆச்சரியம்தான்.

ஜூலை 22, செவ்வாய்

குணநாயகம் அண்ணன் போய்விட்டார்.

மீதியில் இரண்டு பாட்டிலைத் தான் இடுப்பில் கட்டும் சாரத்துக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். மகள் வீட்டில் குடிப்பாராம். வெடித்தால் மகள் விரட்டிவிடுவாள், திரும்பி இங்கேதான் வருவேன் என்றார். வெடிக்கட்டும் என்று பகவதி சொன்னாள்.

விமான நிலையத்துக்கு நான்தான் ஓட்டுவதாக இருந்தது. பெட்டிகளை ஏற்றிவிட்டுத் திரும்பினால் ஓட்டுநர் இருக்கையில் பகவதி. விரல் மரத்துப்போன நாளிலிருந்து அவள் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. பயம் எனக்கு. வாயைத் திறந்தேன், அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். "முன்னால ஏறுங்கண்ணே. இன்னைக்கு நான் ஓட்டுதேன்" என்றாள். நான் பின்னால் ஏறினேன்.

அண்ணன் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே, "ஒண்டு சொல்லுறன், குறை நினையாதை தங்கச்சி. முப்பது வருசம் டாக்ஸி ஓடினவன். வேற ஆரும் கார் ஓடினா எனக்குச் சும்மா இருக்கேலாது. கால் தன்ரபாட்டில பிரேக் மிதிக்கும், வாய் தன்ரபாட்டில வழி சொல்லும். என்ர மகளே என்னை ஏத்தமாட்டாள்" என்றார்.

"சொல்லுங்கண்ணே. கேட்டுக்கிடுதேன்."

தெருமுனையில், பார்த்து எடு என்றார். சிக்னலில், இடப் பக்கம் வா என்றார். நெடுஞ்சாலையில் ஏறும்போது அவர் வலது கால் உண்மையாகவே தரையை அழுத்தியது. பகவதி ஓமண்ணே, ஓமண்ணே என்று அவர் பேச்சிலேயே பதில் சொல்லிக்கொண்டு ஓட்டினாள். விரல்கள் ஸ்டீயரிங்கை ஒவ்வொன்றாகப் பிடித்திருந்தன. நான் பின்னாலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன், சாலையைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் வழி சொல்வது நின்றுவிட்டது. கோபமோ என்று எட்டிப் பார்த்தேன். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அண்ணன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

பகவதியும் பார்த்தாள். ரேடியோவை அணைத்தாள். அவர் விழித்துவிடாதபடி, குலுங்காமல், விமான நிலையம் வரை ஓட்டினாள்.